வெறுங்கை

கிளாவர் மூன்று ஆட்டின் ராணியாக மாற வேண்டும். வித்தை அவ்வளவுதான். இடது கையில் சீட்டுக்கட்டு இருக்கிறது. அதன் முகம் பார்ப்பவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. எல்லோருக்கும் கிளாவர் மூன்று தெரிகிறது. வலது கையை விரித்துக் காட்டுகிறேன், வெறுங்கை. அந்தக் கை சீட்டின் மேல் ஒருமுறை தடவிப் போகிறது. கை விலகும்போது அங்கே ஆட்டின் ராணி இருக்கிறாள். கதை கிடையாது, "ஒரு சீட்டை எடுங்கள்" கிடையாது, மந்திரம் கிடையாது. பார்ப்பவரின் மூக்குக்கு எதிரே, ஒரு முழ தூரத்தில், ஒரு நொடியில் முடிந்துவிடும்.

இதைக் கற்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. தினமும் இரவு பாத்திரம் கழுவி, அடுப்பு துடைத்து, ஈரக்கையை நன்றாக உலர்த்திய பிறகு இருபது நிமிடம். ஈரக்கையில் சீட்டு ஒட்டும் என்பது முதல் வாரமே கற்ற பாடம். இந்த ஏழு மாதங்களில் என் கைகளைப் பற்றியும், கைகளைப் பார்க்கும் கண்களைப் பற்றியும் தெரிந்துகொண்டவையே இந்தக் கட்டுரை. வித்தையின் ரகசியத்தை எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வியும் இதில் வருகிறது. கட்டுரையின் மையப் பிரச்சினையே அதுதான் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

சீட்டு வித்தை கற்பவர்கள் எல்லோரும் எப்படியோ ஒரு புத்தகத்தில் வந்து நிற்பார்கள். 1902இல் சிகாகோவில் வெளியான 'தி எக்ஸ்பர்ட் அட் த கார்ட் டேபிள்'. எழுதியவர் பெயர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்று அட்டையில் இருக்கிறது. அது புனைபெயர். பின்னாலிருந்து படித்தால் ஈ. எஸ். ஆண்ட்ரூஸ் என்று வரும். ஆனால் அந்த ஆண்ட்ரூஸ் யார் என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தேடலுக்குப் பிறகும் உறுதிப்படவில்லை. புத்தகத்தின் முற்பாதி சூதாட்ட மேசையில் ஏமாற்றுவது எப்படி என்று சொல்கிறது, பிற்பாதி மேடை வித்தை. எம். டி. ஸ்மித் என்ற ஓவியர் நேரில் பார்த்து வரைந்ததாகச் சொல்லப்படும் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எல்லாம் கைகள். கோட்டுக் கையின் விளிம்போடு முடிந்துவிடும் கைகள். முகமில்லை, உடலில்லை.

நான் கற்ற வித்தையின் தாய்வடிவம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. முதன்முறை படித்தபோது அதன் எழுத்தை மிகவும் ரசித்தேன். சுற்றி வளைக்காத, தன்னம்பிக்கை நிறைந்த உரைநடை. விரல் எங்கே, அழுத்தம் எவ்வளவு, சீட்டின் எந்த மூலை உள்ளங்கையின் எந்த இடத்தில் என்று ஒரு நல்ல தையல்காரர் துணி வெட்டச் சொல்லித் தருவதுபோல எழுதுகிறார். ஆனால் இரண்டாம் முறை, கையில் சீட்டோடு படிக்கும்போதுதான் தெரிந்தது, அவர் பேசிக்கொண்டிருப்பது என்னிடம் அல்ல. வாசகர் எங்கும் 'அவன்'தான். அவனுக்குக் கோட்டு இருக்கிறது, கோட்டில் பைகள் இருக்கின்றன, உட்கார ஒரு மேசை இருக்கிறது, அந்த மேசையில் இரவு முழுக்க உட்கார நேரமும் இருக்கிறது.

எனக்குச் சீட்டு என்பதே ஆண்கள் பொருள். கல்யாண மண்டபத்தில் முதல்நாள் இரவு ஜமுக்காளம் விரித்து ரம்மி ஆடுவது ஆண்கள். சாவு வீட்டில் இரவு விழித்திருக்க ஆடுவதும் ஆண்கள். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு அலமாரியின் மேல்தட்டில், ஷேவிங் சாமானுக்குப் பக்கத்தில் இருக்கும். எடுக்காதே என்று யாரும் சொன்னதில்லை. எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நான் முதல் சீட்டுக்கட்டை வாங்கியது முப்பத்தெட்டு வயதில். கடைக்காரர் "பசங்களுக்கா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

வித்தையில் முதல் படி, ஒரு சீட்டை உள்ளங்கையில் மறைத்து, கையில் ஒன்றுமில்லாததுபோல் வைத்திருப்பது. இதைச் சொல்வதால் எந்த ரகசியமும் போய்விடாது, எவரும் ஊகிக்கக்கூடியதுதான். பொதுவாக வித்தைக்காரர்கள் பயன்படுத்தும் சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் நீளம். பிரிட்ஜ் ஆட்டத்துக்கான சீட்டு 57 மில்லிமீட்டர் அகலம். புத்தகத்தின் படத்தில் அந்தக் கை சீட்டை விழுங்கிவிடுகிறது. என் கையில் ஒரு மூலை சுண்டுவிரல் ஓரமாக எட்டிப் பார்த்தது. விரல்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஜன்னல்கள். இரண்டு மாதம் என் கையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னக் கை, பெண் கை, இதற்கு ஆகாத கை.

இந்த இடத்தில் ஒரு தகவல் என்னை உலுக்கியது. 1940களில் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அந்த ஓவியர் ஸ்மித்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினார். எர்ட்னேஸ் எப்படி இருந்தார் என்று கேட்டார். சிறிய உருவம், மிக மென்மையான கைகள் என்பது ஓவியரின் நினைவு. அதாவது நான் புத்தகத்தில் பார்த்த அந்தப் பெரிய ஆண் கை, அவ்வளவு பெரியதாக இருந்திருக்க வேண்டியதில்லை. கோட்டு விளிம்பைப் பார்த்ததும் கையின் அளவை நானே பெரிதாக்கிக்கொண்டேன். சீட்டைக் கையின் நீளவாக்கில் வைக்காமல் சற்றுச் சாய்த்து, சுண்டுவிரல் நுனிக்கும் கட்டைவிரல் அடிமேட்டுக்கும் நடுவே லேசாக வளைத்து இருத்தினால் என் கையிலும் அடங்கும். மூன்றாம் மாதம் அடங்கியது. சின்னக் கைக்கு வித்தை வராது என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒன்று. என் அனுபவத்தில் அது உண்மையில்லை. சின்னக் கைக்கு அதிக நாள் பிடிக்கிறது. அதற்கும் ஒரு காரணம், பாடம் எழுதியவர்கள் அந்தக் கையை நினைத்து எழுதவில்லை என்பது.

கையளவு பிரச்சினை தீர்ந்தது. தீராதது வேறொன்று. இந்தத் துறையின் மூல மந்திரம் 'இயல்பாக இரு' என்பது. எர்ட்னேஸின் புத்தகத்தைச் சிறுவயதிலிருந்தே கரைத்துக் குடித்து, இருபதாம் நூற்றாண்டின் சீட்டு வித்தையையே மாற்றியமைத்த டை வெர்னன் வாழ்நாள் முழுக்கச் சொன்னது அதைத்தான். சீட்டு ஒளிந்திருக்கும் கையும் வெறும் கையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனவே முதலில் உன் கை சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று கவனி. பிறகு சீட்டை வைத்துக்கொண்டு அதேபோல் இரு. அருமையான அறிவுரை. கண்ணாடி முன் நின்றேன்.

என் கை சும்மா இருந்ததே இல்லை. துப்பட்டாவை இழுத்துவிட்டது. நெற்றி முடியை ஒதுக்கியது. மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தது. சும்மா தொங்கவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வயிற்றின் முன்னால் வந்து நின்றன. பருப்பு டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தும் பார்த்தேன். அப்போதும் அதேதான். வெர்னன் சொல்லும் இயல்பு, ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கையை எங்கே வைப்பது என்று ஒருநாளும் யோசிக்காத ஒருவரின் இயல்பு. என் இயல்பு பத்து வயதிலிருந்து எனக்குக் கற்பிக்கப்பட்டது: காலைச் சேர்த்து வை, கையைக் கட்டிக்கொள், மேலே போட்டுக்கொள். கற்பித்ததை இயல்பு என்று அழைக்கும் அளவுக்கு நன்றாகப் பழகிவிட்டேன். சீட்டு மறைப்பதை அப்படிப் பழக வேண்டும் என்றுதான் புத்தகமும் சொல்கிறது. ஆக, ஒரு வித்தையை ஏற்கெனவே முழுநேரமாகச் செய்துகொண்டிருந்த உடலுக்கு இன்னொரு வித்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு வளையல். சீட்டை எடுக்கும் அந்தக் கால்நொடியில் கண்ணாடி வளையல் 'கிணிங்' என்றது. கண்ணுக்குத் தப்பியது காதுக்குத் தப்பவில்லை. பயிற்சியின்போது வளையலைக் கழற்றி வைத்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டு, "வெறுங்கையோட இருக்காதடி, பாக்க நல்லா இல்ல" என்றார். வித்தைக்காரர்கள் உலகம் முழுவதும் நிகழ்ச்சியைத் தொடங்குவதே வெறுங்கையைக் காட்டித்தான். இதோ பாருங்கள், ஒன்றுமில்லை. நான் நேர்மையானவன் என்பதற்கு அது சான்று. எங்கள் வீட்டில் பெண்ணின் வெறுங்கை என்பதற்கு வேறு பொருள், இழப்பு, அமங்கலம். நான் ஒரு கூட்டத்தின் முன் கையை விரித்துக் காட்டும்போது பார்ப்பவர்கள் முதலில் காண்பது சீட்டு இல்லாததையல்ல, வளையல் இல்லாததை. கடைசியில் மெல்லிய ரப்பர் வளையத்தை உள்ளே போட்டு, இரண்டு வளையல்களை மணிக்கட்டோடு இறுக்கி, ஓசை வராமல் செய்தேன். இப்படி ஒரு குறிப்பை நான் படித்த எந்த வித்தைப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

துப்பட்டா இதைவிடச் சிக்கலானது. பயிற்சியில் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். துப்பட்டாவைச் சரிசெய்யப் போகும் கையை யாரும் சந்தேகிப்பதில்லை. அதைவிட, கண்ணியமான ஆண்கள் அந்த நொடியில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். கண்ணியமற்றவர்கள் கையைத் தவிர மற்றதைப் பார்க்கிறார்கள். இரண்டு வகையிலும் கை தப்பித்துவிடும். பார்ப்பவரின் கவனத்தைத் திருப்புவதுதான் இந்தக் கலையின் அடிப்படை என்றால், எனக்குக் கிடைத்தது அதில் முதல்தரமான உத்தி. சினிமாவில் பெண் பார்க்கப்படுவதற்காகவே வைக்கப்படுகிறாள் என்று 1975இல் லாரா மல்வி எழுதினார். அந்தப் பார்வையையே திருடி எனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறேன் என்று கொஞ்ச நாள் பெருமைப்பட்டேன். பிறகு விட்டுவிட்டேன். ஒழுக்கம் காரணமல்ல. அப்படிச் செய்த ஒவ்வொரு முறையும் வென்றது என் கை அல்ல, என் கூச்சம் என்று தோன்றியது. அந்தக் கூச்சத்தை எனக்கு யார் கொடுத்தார்களோ அவர்களுக்கே வித்தையின் பாதிப் பெயர் போய்ச் சேரும். இதே உத்தியைச் சிரித்துக்கொண்டே பயன்படுத்தும் பெண்கள் இருக்கலாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

கை ஒருவரை எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு வித்தை உலகத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. லண்டனில் 1905இல் தொடங்கப்பட்ட மேஜிக் சர்க்கிள் என்ற சங்கம் 1991 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஜென்னி வின்ஸ்டன்லி என்ற வித்தைக்காரி இதை முறியடிக்க ஒரு திட்டம் போட்டார். சோஃபி லாயிட் என்ற நடிகையை ரேமண்ட் லாயிட் என்ற இளைஞனாக மாற்றினார். விக், உடலமைப்பை மாற்றும் உடை, பழகிய குரல். கைகள் மட்டும் பெண் கைகளாகத் தெரிந்துவிடும் என்பதால் கையுறை. கையுறை போட்டுக்கொண்டு கைவித்தை செய்வது எவ்வளவு கடினம் என்று உள்ளங்கையில் ஒரு சீட்டை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோலின் பிடி போய்விடும். 1991 மார்ச்சில் 'ரேமண்ட்' தேர்வில் வென்று உறுப்பினரானார். அதே ஆண்டு பெண்களைச் சேர்க்கச் சங்கம் முடிவெடுத்தபோது, இருவரும் உண்மையைச் சொன்னார்கள். உடனே சோஃபி லாயிட் வெளியேற்றப்பட்டார். குற்றம், ஏமாற்றியது. ஏமாற்றும் கலைக்கான சங்கத்தில், தேர்வாளர்களையே ஏமாற்றிய ஆகச் சிறந்த வித்தைக்குக் கிடைத்த பரிசு அது. 2025இல் சங்கம் மன்னிப்புக் கேட்டு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்க்க வின்ஸ்டன்லி உயிரோடு இல்லை.

பெண்களே வித்தையில் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மேடை முழுக்கப் பெண்கள் இருந்தார்கள், பெட்டிக்குள். 1921 ஜனவரியில் லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி. டி. செல்பிட் ஒரு பெண்ணைப் பெட்டியில் வைத்து ரம்பத்தால் அறுக்கும் வித்தையைப் பொதுமக்கள் முன் செய்தார். முப்பது வயதான பெண்களுக்கு அந்த நாட்டில் வாக்குரிமை கிடைத்து மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. செல்பிட், வாக்குரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டையே அறுபட வருமாறு சம்பளம் பேசி அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். நம் நாட்டின் பி. சி. சர்க்கார் 1956இல் பிபிசி தொலைக்காட்சியில் தீப்தி தே என்ற பதினேழு வயதுப் பெண்ணை அறுத்தபோது நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட்டது. பெண் செத்துவிட்டாள் என்று நினைத்து மக்கள் தொலைபேசியில் நிலையத்தை முற்றுகையிட்டார்கள். இந்த வகை வித்தையில் பெரும்பாலும் உடலை மடக்குவது, மூச்சை அடக்குவது, நொடி தவறாமல் அசைவது எல்லாம் பெட்டிக்குள் இருப்பவரின் வேலை. வெளியில் இருப்பவர் ரம்பம் பிடிக்கிறார், வணங்குகிறார். பெட்டிக்குள் இருப்பவர் 'உதவியாளர்'.

எனக்கு வீட்டு வேலை நினைவுக்கு வந்தது இங்கேதான். ஆறு மணிக்குக் காப்பி எப்படியோ வந்துவிடுகிறது, சட்டை எப்படியோ மடிந்துவிடுகிறது, விருந்தினர் வந்த அரை மணியில் இலை எப்படியோ நிறைந்துவிடுகிறது. "ஒரு சத்தமும் இல்லாம செஞ்சுட்டாளே" என்பது நம் ஊரில் பாராட்டு. உழைப்பு தெரியாமல் உழைப்பதில் பெண்களுக்குப் பயிற்சி தேவையில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். வித்தைக்காரரும் உழைப்பை மறைக்கிறார். ஆனால் மறைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். "என்னமோ பண்ணினான், என்னன்னு தெரியல" என்பதுதான் கைதட்டலின் பொருள். பெண்ணின் மறைந்த உழைப்பில், மறைந்த ஒன்று இருக்கிறது என்பதே பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. அது தானாக நடக்கிறது.

ஐந்தாம் மாதம் அலுவலகத்தில் மதிய உணவுக்குப் பிறகு ஐந்தாறு பேர் முன் முதல்முறை செய்து காட்டினேன். நன்றாகவே வந்தது. கிளாவர் மூன்று போனது, ராணி வந்தாள். இரண்டு நொடி அமைதி. அந்த அமைதிக்காகத்தான் இத்தனையும். பிறகு ஒருவர் சொன்னார்: "சீட்டுலதான் ஏதோ இருக்கு." இன்னொருவர், "கடையில விக்கிற மேஜிக் செட்" என்றார். மூன்றாமவர் பேசவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவர் கை என் கையை விட்டு விலக நேரமானது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததால் நானும் சிரித்தேன். பார்வையாளர் சீட்டைப் பிடுங்க வந்தால் என்ன செய்வது என்று வித்தைப் புத்தகங்கள் சொல்கின்றன. கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்வதில்லை. அடுத்த முறை கையை நீட்டும் தூரத்தை நானே குறைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது முதல் வாக்கியம்தான். சில மாதங்கள் முன்பு அதே அறையில் ஓர் இளைஞர் ஒரு சீட்டு வித்தை செய்திருந்தார். அன்று எல்லோரும் சொன்னது, "கை என்ன வேகம்!" அவர் சீட்டுக்கட்டை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஆண் செய்தால் கையில் இருக்கிறது. நான் செய்தால் சீட்டில் இருக்கிறது. மிக்சி அரைத்துவிடுகிறது, குக்கர் சமைத்துவிடுகிறது, வாஷிங் மெஷின் துவைத்துவிடுகிறது என்று சொல்லும் அதே இலக்கணம். கருவி செய்கிறது, அவள் பக்கத்தில் நிற்கிறாள்.

அன்று இரவு ஒரு முடிவுக்கு வந்தேன். ரகசியத்தைக் காட்டிவிடுவது. மெதுவாகச் செய்து, சீட்டு எப்போது எங்கிருந்து எப்படி வருகிறது என்று ஒவ்வொரு விரலாக விளக்குவது. பார்த்தீர்களா, சீட்டில் ஒன்றுமில்லை, ஐந்து மாத உழைப்பு என்று சொல்வது. மறைந்திருக்கும் உழைப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதானே பெண்ணியம் இத்தனை காலம் செய்தது? சமையலறையை, பிரசவ அறையை, கணக்கில் வராத மணிநேரங்களை எழுதிக் காட்டினோம். இதையும் காட்டினால் என்ன?

காட்டினால் வித்தை செத்துவிடும். அதுதான் சிக்கல். நான் செய்தேன் என்று நிரூபிக்க நான் செய்ததையே அழிக்க வேண்டும். ஆண் வித்தைக்காரருக்கு இந்தத் தேர்வு வருவதில்லை. அவர் மௌனமாக இருந்தாலே பெயர் வந்துவிடுகிறது. எனக்கு மௌனமாக இருந்தால் பெயரில்லை, பேசினால் வித்தையில்லை. யோசிக்க யோசிக்க, வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது என்ற நம் பழக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் எப்போதும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டிய கடமை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது. உழைப்பு இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்வதும் சொல்லாததும் செய்தவளின் உரிமை. வீட்டு வேலையில் பறிபோனவை இரண்டு: வேலை நடந்தது என்ற அறிவிப்பு, அதை எவ்வளவு காட்டுவது என்ற தீர்மானம். முதலாவதைக் கேட்கும் அவசரத்தில் இரண்டாவதைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. எனவேதான் இந்தக் கட்டுரையிலும், சீட்டு என் உள்ளங்கைக்கு வரும் அந்த ஒரு நொடியைப் பற்றி எழுதவில்லை. அது என்னுடையது.

ஏழாம் மாதம் உறவில் ஒரு கல்யாணம். முதல்நாள் இரவு மண்டபத்தில் வழக்கம்போல் ஆண்கள் ஜமுக்காளத்தில் ரம்மி. பெண்கள் இந்தப் பக்கம் காலைக்கான பூவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் நான் போய், "சித்தப்பா, அந்தச் சீட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டேன். அவர்களுடைய சீட்டு. நாலு வருடம் கைபட்டு மூலை மழுங்கி, காப்பிக் கறையோடு இருந்தது. அதில் எதுவும் இருக்க வழியில்லை. நின்றபடியே செய்தேன். மூன்று போய் ராணி வந்தாள். ஆட்டம் நின்றுபோனது. இன்னொருமுறை கேட்டார்கள், செய்யவில்லை. சித்தப்பா சீட்டுக்கட்டை வாங்கி விரித்துப் பார்த்தார், அவருடைய சீட்டையே. பிறகு, "யாரும்மா சொல்லிக் குடுத்தது, மாப்பிள்ளையா?" என்றார். "இல்ல சித்தப்பா, நானேதான்" என்றேன். யூட்யூபில் எல்லாம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

திரும்பி வந்து பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியம்மா அங்கிருந்தே பார்த்திருக்கிறார். கை நிற்கவில்லை, நாலு மல்லிகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்து, வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுத்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், அந்த முடிச்சு எந்த நொடியில் விழுகிறது என்று எனக்கு இன்றும் தெரியாது.

"எத்தன நாளாச்சுடி அது கைக்கு வர?" என்றார்.

எப்படி என்று கேட்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்கவில்லை.

"ஏழு மாசம் பெரியம்மா."

"இருக்கும். எனக்கு இது வர ஒரு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, கூடையை என் பக்கம் நகர்த்தினார்.